கரையோரமும் மலையகமும்: மாரிகால வானிலை எதிர்வுகூறலின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஐப்பசி பிறந்ததும் இலங்கையின் கரையோர மக்களும் மலையக மக்களும் வானொலியின் வானிலை அறிக்கைக்குச் செவிசாய்க்கத் தொடங்குகின்றனர். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் ஒன்று உருவாகியுள்ளது என்னும் செய்தி இரு சாராருக்கும் ஒன்றே. ஆயினும், அச்செய்தியைக் கேட்ட பின்னர் அவர்களாற் செய்யக்கூடியது ஒன்றன்று. இவ்வேறுபாடு இயற்கையினால் மட்டும் விளைந்ததா, அன்றி வரலாற்றினாலும் விளைந்ததா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும்.

முதலில் இயற்கையை நோக்குவோம். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிலேயே தன் ஈரத்தைச் சொரிந்துவிடுகின்றது. மலைக்கு அப்பாலுள்ள ஊவாவும் கிழக்குக் கரையும் அக்காலத்தில் வறண்டு கிடக்கும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இந்நிலை மாறுகின்றது. இரு அரைக்கோளத்துக் காற்றுகளும் ஒருங்கும் வலயம் தெற்கு நோக்கி நகர்ந்து இலங்கையின் மீது அமைகின்றது. பிற்பகல் இடிமழையோடு வங்காள விரிகுடாவின் தாழமுக்கங்களும் சேர்ந்து நாடு முழுவதற்கும் மழை தருகின்றன. டிசெம்பரில் வடகீழ்ப் பருவக்காற்று நிலைபெற்றதும் கிழக்குக் கரையும் மலைநாட்டின் கிழக்குச் சரிவுகளும் பெருமழை பெறுகின்றன. எனவே கரையையும் மலையையும் ஒருசேர நனைக்கும் காலம் இதுவே எனலாம். சூறாவளி பெரும்பாலும் கிழக்கிலிருந்தே வருவதால், கரையில் காற்றாகவும் கடற்பெருக்காகவும் மோதும் அதே வளிமண்டலக் குழப்பம் மலையில் மண்சரிவாக உருவெடுக்கின்றது.

நிறுவன முறையான எதிர்வுகூறல் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே கரையோர மக்கள் தமக்கென ஓர் அறிவு மரபினைக் கொண்டிருந்தனர். சோழகம், கச்சான், வாடை, கொண்டல் எனக் காற்றுகளைத் திசையறிந்து பெயரிட்டமை அதன் சான்றாகும். சோழகக் காலத்தில் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குச் சென்று வாடியடித்துத் தொழில் புரிந்த மீனவர், வாடை தொடங்குமுன் ஊர் திரும்பினர். உழவரும் மாரி மழையை நம்பியே பெரும்போகத்தை விதைத்தனர். காற்றின் மாற்றத்தைக் கண்டு இடம் பெயரும் உரிமை இவ்வறிவின் பிரிக்க முடியாத பகுதியாக இருந்தது என்பது ஈண்டு கருதத்தக்கது.

விஞ்ஞான முறையான எதிர்வுகூறலோ வேறொரு தேவையிலிருந்து பிறந்தது. சூறாவளியைக் குறிக்கும் 'சைக்கிளோன்' என்னும் சொல்லை ஆக்கியவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் ஆவார். சுருண்ட பாம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவர் அதனைப் பெற்றார். மாலுமிகளுக்கு வழிகாட்டுவதே அவரது நோக்கமாயிருந்தது. 1864 இல் பெருஞ்சூறாவளி கல்கத்தாவை அழித்ததன் பின்னர், 1865 இல் அத்துறைமுகத்திற் புயல் எச்சரிக்கை முறை ஏற்படுத்தப்பட்டது. 1875 இல் இந்திய வளிமண்டலவியல் திணைக்களம் தோன்றியது. இலங்கையில் 1907 இல் கொழும்பு அவதான நிலையம் நிறுவப்பெற்றது. 1948 இல் அது தனித் திணைக்களமாயிற்று. கப்பலையும் வணிகத்தையும் பயிரையும் காப்பதே குடியேற்றவாத ஆட்சிக்காலத்து வானிலை அவதானிப்பின் முதன்மை நோக்கமாக இருந்தது.

மலையகத்தின் வரலாறு இதனை மேலும் தெளிவாக்குகின்றது. 19ஆம் நூற்றாண்டிற் கோப்பிக்காகவும், 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தொடக்கிய தேயிலைக்காகவும் மலைச்சரிவுகளின் காடுகள் அழிக்கப்பட்டன. மண்ணைப் பற்றி நின்ற மரவேர்கள் அகன்றன. தோட்டங்களில் மழைமானிகள் வைக்கப்பட்டு மழைவீழ்ச்சி பதியப்பட்டது; இன்றும் மலைநாட்டின் மழைத் தரவுகளிற் பெரும்பகுதி தோட்டங்களிலிருந்தே கிடைக்கின்றது. மழை மிக நுணுக்கமாக அளக்கப்பட்ட இடங்களில் அதுவும் ஒன்று. ஆனால் அளவை கொழுந்துக்காக எடுக்கப்பட்டதேயன்றி, சரிவின் அடியில் வரிசையாக எழுப்பப்பட்ட லயன் அறைகளில் உறங்கியவர்களுக்காக அன்று. வளிமண்டலவியல் திணைக்களம் தோன்றிய அதே 1948 இல் இயற்றப்பட்ட பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது.

கரையும் மலையும் ஒரே வரலாற்றின் இரு முனைகள் என்பதை 1964 ஆம் ஆண்டு உணர்த்துகின்றது. அவ்வாண்டு ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத் தமிழருள் 525,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படுவர் என விதித்தது. அவர்தம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்தவர்கள். 1914 முதல் தனுஷ்கோடி - தலைமன்னார்க் கப்பற் பாதை அப்போக்குவரத்தின் வாயிலாக விளங்கியது. ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதம் நிறைவுறுமுன், டிசெம்பர் 22 இல் இலங்கையின் வடபகுதியை ஊடறுத்த சூறாவளி, அன்றிரவே பாக்குநீரிணையைக் கடந்து தனுஷ்கோடியை அழித்தது. நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளுடன் ஒரு புகையிரதமே கடலுக்கு இரையாயிற்று. அதன் பின்னர் கப்பற் சேவை இராமேஸ்வரத்திலிருந்து நடைபெற்றது. தாயகம் திரும்பியோர் என அழைக்கப்பட்டவர்கள் அக்கரையிலேயே இறங்கினர்.

1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி கரையோர வரலாற்றின் பெருந்துயரங்களுள் ஒன்று. ஏறத்தாழ 900 பேர் உயிரிழந்தனர். தென்னந்தோட்டங்கள் வேரோடு சாய்ந்தன. அம்பாறை, பொலனறுவை மாவட்டங்களும் சேதமுற்றன. மட்டக்களப்பில் ஒரு தலைமுறையினர் தமது பிறப்பையும் திருமணத்தையும் 'சூறாவளிக்கு முன்', 'சூறாவளிக்குப் பின்' எனக் கணக்கிடுவதை இன்றும் கேட்கலாம். 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. எச்சரிக்கையும் வெளியேற்றமும் அரசின் கடமைகளாயின. கரையிலுள்ளவருக்கு வினா 'எப்போது?' என்பதே. விடை உரிய வேளையிற் கிடைப்பின், உள்நிலத்துப் பாடசாலையோ கோயிலோ அவருக்கு ஒதுக்கிடமாகலாம்.

மலையிலுள்ளவருக்கோ வினா 'எங்கே?' என்பதாகும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயங்களை வரைபடமாக்கி வந்துள்ளது. 2014 ஒக்டோபர் 29 காலையிற் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்கள் மண்ணில் மூழ்கின. அவ்விடம் ஆபத்தானது என்பது அறியப்படாததன்று. 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கைகள் விடுக்கப்பட்டிருந்தன. ஆனால் வாழும் அறையும் அது நிற்கும் நிலமும் தமக்கு உரியனவல்லாத மக்கள் எங்கே பெயர்வது? இங்கு குறையாக இருந்தது மழை பற்றிய அறிவன்று. எச்சரிக்கையைக் கேட்டு எழுந்து செல்வதற்கு வேண்டிய ஒரு துண்டு நிலமே.

2025 நவம்பர் 28 இற் கிழக்குக் கரையை அடைந்த 'டித்வா' சூறாவளி இவ்வேறுபாட்டை மீண்டும் காட்டியது. கடலிலிருந்து வந்த புயலாயினும், 600 இற்கு மேற்பட்ட உயிரிழப்புகளிற் பெரும்பங்கு கண்டி, நுவரெலியா, பதுளை முதலிய மலை மாவட்டங்களுக்கே உரியதாயிற்று. சூறாவளி என்பது கரையோரத்தின் ஆபத்து என்னும் பழைய எண்ணம் இனி நிலைக்க இயலாது. மழை அனைவர்க்கும் பொதுவாகப் பெய்யினும், இழப்பு நிலவுடைமையின் வழியே பங்கிடப்படுகின்றது.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படுகின்றது. செய்மதியும் கணினியும் துணைநிற்க, வானிலை எதிர்வுகூறல் கடந்த நூற்றாண்டில் அடைந்துள்ள வளர்ச்சி பெரிது. ஆயினும் ஓர் எதிர்வுகூறலின் பயன், அதனைக் கேட்பவர் எடுத்துவைக்கக்கூடிய அடுத்த அடியைப் பொறுத்தது. வாடைக்கு முன் ஊர் திரும்பிய மீனவருக்கு ஓர் ஊர் இருந்தது. மலைச்சரிவில் வாழ்பவருக்கும் அத்தகையதோர் இடம் உரிமையாகும்போதே, ஐப்பசி மாதத்து வானிலை அறிக்கை கரைக்கும் மலைக்கும் ஒரே பொருள் தரும்.