அஃப்ளாடாக்சினும் குரோமோசோம் சிதைவும்: ஓர் ஆய்வு வரலாறு

1960இல் இங்கிலாந்துப் பண்ணைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. காரணம் பிடிபடாததால் ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்றே குறித்தார்கள். தேடல் கடைசியில் பிரேசிலிலிருந்து இறக்குமதியான கடலைப் பிண்ணாக்கில் போய் நின்றது. அதில் வளர்ந்திருந்த ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்னும் பூஞ்சையின் பெயரிலிருந்தே அதன் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்ற பெயர் வந்தது. அப்பிண்ணாக்கைத் தின்ற எலிகளுக்குக் கல்லீரல் கட்டி வந்த செய்தி 1961இலேயே வெளியாகிவிட்டது.

இவ்வரலாற்றை எழுதுவோர் பலர் இங்கிருந்து நேரே புற்றுநோய்க்குத் தாவிவிடுகிறார்கள். இடையில் நடந்த செல்லியல் சோதனைகளுக்கு உரிய இடம் கிடைப்பதில்லை. 1965இல் லில்லி என்னும் ஆய்வாளர் ஃபாபா அவரையின் வேர்நுனிகளை இந்நஞ்சில் ஊறவிட்டுப் பார்த்தார். அந்தச் செடிக்கு ஆறே இணைக் குரோமோசோம்கள், அவையும் பெரியவை. முறிவு ஏற்பட்டால் சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரிந்துவிடும். முறிவுகள் தெரியவும் செய்தன. 1968இல் டொலிம்பியோ, ஜேகப்சன், லெகேட்டர் மூவரும் மனித இரத்த வெள்ளணுக்களிலும் குரோமோசோம் சிதைவைக் காட்டினார்கள். பண்ணையில் தொடங்கிய கேள்வி எட்டே ஆண்டுகளில் மனித செல்லுக்கு வந்துவிட்டது.

எப்படி முறிகிறது என்பதுதான் பிடிகொடுக்கவில்லை. அஃப்ளாடாக்சின் வகைகளில் ஒன்றான பி1 தன்னளவில் டிஎன்ஏவோடு எளிதில் வினைபுரிவதில்லை. கல்லீரலின் சைட்டோகுரோம் பி450 நொதிகள் அதை 8,9-எபாக்சைடாக மாற்றிய பிறகே அது குவானினின் ஏழாம் நைட்ரஜனில் ஒட்டுகிறது. நஞ்சை முறிக்க வேண்டிய உறுப்பே அதைக் கூர்தீட்டிக் கொடுக்கிறது! இந்த ஒட்டுப்பொருளை எஸ்ஸிக்மனும் சக ஆய்வாளர்களும் 1977இல் அடையாளம் கண்டார்கள். ஒட்டிய குவானின் உதிர்ந்து வெற்றிடம் உண்டாகலாம். பழுதுபார்க்கும் நொதிகளும் அங்கே இழையை வெட்டும். அந்தப் பழுது முடியுமுன் செல் தன் டிஎன்ஏவைப் படியெடுக்கத் தொடங்கினால் இழை முறியும். குரோமோசோம் முறிவுகளுக்கு வேதியியல் விளக்கம் இப்படித்தான் பிற்பாடு வந்து சேர்ந்தது.

முறியாமல் தப்பிய இடத்திலும் தீங்கு உண்டு: குவானின் இருக்க வேண்டிய இடத்தில் தைமின் வந்துவிடும். சீனாவின் சிடோங் பகுதியில் 16 கல்லீரல் புற்றுக் கட்டிகளை ஆராய்ந்தபோது ஏழில், கட்டியை அடக்கும் பி53 மரபணுவின் 249ஆம் குறியன் இதே விதமாக மாறியிருந்தது. 1991இல் வந்த இம்முடிவு அன்றாட உணவை ஒரு மரபெழுத்தோடு இணைத்தது. ஆனால் கல்லீரல் புற்றுக்கு இன்னொரு காரணமான ஹெப்படைடிஸ் பி பரவலாக உள்ள பகுதி அது; பழி முழுவதையும் பூஞ்சையின் தலையில் போட முடியாது.

இதற்கிடையே 1974இல் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில், பருவம் தவறிய மழையில் நனைந்த மக்காச்சோளத்தை உண்டவர்களில் 106 பேர் இறந்தார்கள். அது கடும் நச்சேற்றம்; குரோமோசோம் கதை அல்ல. எனினும் நுண்ணோக்கியில் சான்று கிடைத்து ஒன்பது ஆண்டுகள் கழிந்தும் ஏழையின் குதிருக்கு எச்சரிக்கை போகவில்லை.

சமையல் சூட்டில் இந்நஞ்சு முழுதாக அழியாது. பூசணம் பிடித்த கடலையைப் பொறுக்கி எறிவது பயன் தரும்; ஆனால் பொறுக்கியது எண்ணெய் ஆலைக்குப் போனால், பிண்ணாக்கு வழியே மாட்டுக்கும், அஃப்ளாடாக்சின் எம்1 என்னும் மாறிய வடிவில் பாலுக்கும் வந்துவிடும். இந்தியாவில் பாலுக்கான வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். பிண்ணாக்கு வழியை அடைக்காமல் பாலை மட்டும் சோதிப்பது பாதி வேலைதான்.