வைரமும் சுத்தியலும்

தமிழில் 'வைரம்' என்ற சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு. காதில் மின்னும் கல் ஒன்று. முற்றிய மரத்தின் நடுவே இறுகிக் கிடக்கும் பாகம் மற்றொன்று. மனத்தில் ஆறாமல் கிடக்கும் பகை மூன்றாவது. பகையைப் பற்றிக் கதாசிரியர்கள் வேண்டிய மட்டும் எழுதிவிட்டார்கள், அதை விட்டுவிடுவோம். மற்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். வைரம் பாய்ந்த கருங்காலிக் கட்டையை ஓர் ஊசியால் கீறிவிடலாம். ஆனால் சுத்தியலால் எத்தனை அடி அடித்தாலும் அது தூளாகாது. வைரக்கல்லை எந்த எஃகு ஊசியாலும் கீற முடியாது. ஆனால் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி அடித்தால்... வேண்டாம், அடித்துப் பார்க்க வேண்டாம்!

இந்த 'வேண்டாம்' என்ற புத்திமதியைச் சொல்ல ஆளில்லாமல் உலகம் வெகுகாலம் இருந்தது. சொன்னவர்களோ நேர்மாறாகச் சொன்னார்கள். ரோமாபுரியில் பிளினி என்று ஒரு மகாபண்டிதர் இருந்தார். கி.பி. 79-ல் வெஸூவியஸ் எரிமலை கக்கியபோது உயிர் துறந்தவர். வைரத்தை அடைகல்லில் வைத்து அடித்தால் சுத்தியலும் அடைகல்லும்தான் உடையும், வைரம் உடையாது என்று அவர் எழுதி வைத்தார். அதை உடைக்க ஒரே வழி, அப்போது பிடித்த வெள்ளாட்டு இரத்தத்தில் ஊறப்போடுவதுதானாம்! பெரியவர் சொன்னால் பெருமாள் சொன்ன மாதிரி அல்லவா? ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் படித்தவர்கள் இதையே ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இப்படிப்பட்ட நம்பிக்கை புத்தகத்தோடு நின்றிருந்தால் பாதகமில்லை. 1531-ல் பிஸாரோவின் ஸ்பானிய வீரர்கள் தென் அமெரிக்கக் கடற்கரையில் ஓர் ஊரைக் கொள்ளையிட்டபோது மரகதக் கற்கள் குவியலாக அகப்பட்டன. உண்மையான மரகதம் உடையாது என்று கூட வந்த துறவி ஒருவர் சொன்னாராம். உடனே வீரர்கள் சுத்தியலை எடுத்தார்கள். கல் ஒவ்வொன்றாக நொறுங்க, "போலி, போலி" என்று எறிந்தார்கள். துறவி மட்டும் தம் பங்குக் கற்களைச் சோதிக்கவில்லை என்று பழைய சரித்திரக்காரர்கள் குறும்பாகக் குறித்து வைத்திருக்கிறார்கள்.

தவறு எங்கே இருக்கிறது? கடினம் வேறு, உரம் வேறு. இரண்டையும் ஒன்றென்று எண்ணியதுதான் தவறு. 1812-ல் பிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மன் அறிஞர் பத்துக் கனிமங்களை வரிசைப்படுத்தினார். எது எதைக் கீறும் என்ற ஒரே கேள்விதான் அவர் கேட்டது. அந்த வரிசையில் முதல் படியில் நகத்தால் கீறக்கூடிய மாக்கல் இனம். ஒன்பதாம் படியில் மாணிக்கமும் நீலமும் சேர்ந்த குருந்தக்கல் இனம். பத்தாம் படியில் வைரம். அடித்தால் எது தாங்கும் என்ற கேள்வியை அந்த வரிசை கேட்கவே இல்லை. அதைக் கேட்டிருந்தால், சீனர்கள் போற்றும் ஜேடு என்ற பச்சைக்கல், ஆறாம் படியை ஒட்டி நிற்கும் சாதாரணக் கல், வைரத்தை வெகு பின்னால் தள்ளியிருக்கும்.

வைரத்துக்குள்ளே ஒவ்வொரு கரி அணுவும் நான்கு அணுக்களை இறுகக் கைகோத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அந்தக் கடினம். ஆனால் அந்த அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்திருப்பதில் நான்கு திசைகளில் மட்டும் குறுக்கே போகும் பிடிப்புகள் குறைவு. விறகு பிளப்பவன் நார் ஓடும் திசை பார்த்துக் கோடரியைப் போடுகிறான் அல்லவா? அது போலத்தான். இரும்பு அடி வாங்கினால் சற்று நெளிந்து கொடுக்கும். வைரத்துக்கு நெளியத் தெரியாது. தாங்கும்வரை தாங்கும், தாங்காதபோது பிளந்துவிடும்.

இந்த இரகசியம் நம் நாட்டுத் தொழிலாளிகளுக்குத் தெரிந்திருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் பலமுறை கீழ்நாடுகளுக்கு வந்த பிரெஞ்சு இரத்தின வியாபாரி தவேர்னியே, கோல்கொண்டாவுக்குச் சில நாள் தூரத்திலிருந்த ராவல்கொண்டா சுரங்கத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். அங்கே பாறை இடுக்கைக் கடப்பாறையால் ஓங்கிக் குத்தி உடைப்பார்களாம். அந்த அதிர்ச்சியிலேயே பல வைரங்களில் விரிசல் விழுந்துவிடுமாம். விரிசல் கண்ட கல்லைத் திசை பார்த்துப் பிளந்துவிடுவதில் ஐரோப்பியரைவிட இவர்கள் கெட்டிக்காரர்கள் என்கிறார் அவர். மெருகு ஏற்றுவதில் தம்மவரே மேல் என்றும் சொல்லத் தவறவில்லை.

அதே தவேர்னியே 1665-ல் ஔரங்கசீப்பின் அரண்மனையில், ஒரு முட்டையைக் குறுக்கே அறுத்து வைத்தாற்போன்ற ஒரு வைரத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். மீர் ஜும்லா ஷாஜஹானுக்குக் காணிக்கையாகக் கொடுத்த கல் அது. அவர் கணக்குப்படி முதலில் சுமார் 787 காரட்; அவர் பார்த்தபோது சுமார் 280 காரட். ஹார்டென்ஸியோ போர்ஜியோ என்ற வெனிஸ் நகரத்தான் அதைப் பிளக்காமல் தேய்த்தே உருவாக்கியிருந்தான். மிச்சமெல்லாம் தூளாகப் போயிற்று. பாதுஷா கூலி கொடுக்கவில்லை; பதினாயிரம் ரூபாய் அபராதம் விதித்தார். அவனிடம் இன்னும் இருந்திருந்தால் அதையும் பிடுங்கியிருப்பார் என்கிறார் தவேர்னியே. தொழில் தெரிந்தவனானால் முதலில் ஒரு பெரிய துண்டைப் பிளந்து எடுத்திருப்பான் என்பது அவர் தீர்ப்பு.

பிளப்பது அத்தனை சுலபமா? 1905-ல் தென் ஆப்பிரிக்காவில் கிடைத்த கல்லினன் வைரம் 3,106 காரட். அறுநூறு கிராமுக்கு மேல். 1907-ல் டிரான்ஸ்வால் அரசாங்கம் அதை எட்வர்டு மன்னருக்கு அளித்தது. ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஜோசப் அஸ்ஷரிடம் அது வந்து சேர்ந்தது. வேறொரு வைரத்தால் பல நாள் தேய்த்துச் சிறு பள்ளம் செய்து, 1908 பிப்ரவரி 10-ஆம் தேதி அதில் எஃகுக் கத்தியை வைத்து அடித்தார். கத்தி உடைந்தது! பிளினி உயிரோடு இருந்தால் கைகொட்டியிருப்பார். வேறு கத்தி வைத்து மறுபடி அடித்தார். நினைத்த இடத்தில் கல் இரண்டாயிற்று. அஸ்ஷர் மூர்ச்சையாகி விழுந்தார் என்று ஒரு கதை உண்டு. அவர் குடும்பத்தார் அதை ஒப்புக்கொள்வதில்லை.

முடிவில் 9 பெரிய கற்களும் 96 சிறு கற்களும் வந்தன. எல்லாம் சேர்ந்து சுமார் 1,055 காரட். அதாவது இங்கேயும் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது! ஹார்டென்ஸியோவுக்கு வக்கீல் இருந்திருந்தால் இந்தக் கணக்கு ஒன்றே போதும். ஆனால் ஹார்டென்ஸியோ தந்தது மேடு பள்ளமான ஒரே கல். அஸ்ஷர் தந்தது நூற்றைந்து. முன்னவனுக்கு அபராதம், பின்னவருக்கோ, மன்னரின் இரண்டு பெருங்கற்கள் போக மற்றவற்றில் பெரும்பாலானவை கூலி.

இனி யாரையாவது 'வைர நெஞ்சம்' என்று புகழத் தோன்றினால், எந்த வைரத்தைச் சொல்கிறோம் என்று யோசித்துக்கொள்வது நல்லது. ஒரு கீறலும் விழாமல் இருந்து ஒரே அடியில் பிளந்துபோகும் மனிதர்களும் உண்டு. உடம்பெல்லாம் தழும்போடு கடைசிவரை நிற்கிற கருங்காலிகளும் உண்டு. வீட்டில் வைரத்தோடு உள்ளவர்களுக்கு இரண்டே வார்த்தை: மற்ற நகைகளோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள், அவற்றை அது கீறிவிடும், கல்தரையில் தவறவிடாதீர்கள், அது உடைந்துவிடலாம்.