விந்திழப்பு அச்சம்

விந்து வெளியேறினால் உடல் தேயும் என்ற நம்பிக்கையால் வரும் களைப்பு, பதற்றம், ஆண்மைக்குறைப் பயம். இந்திய மனநல மருத்துவர் என். என். விக் 1960இல் இதைத் ‘தாத் நோய்க்குறி’ என்றார். இலங்கை நோயாளரிடம் இதைப் பத்மால் டி சில்வாவும் திசாநாயக்கவும் 1989இல் ஆய்ந்தனர். தெற்காசியருக்கே உரிய பண்பாட்டு நோய் இது என்பது பழைய வாதம். அதுல சுமதிபாலவும் சக ஆய்வாளர்களும் 2004இல் அதைக் கேள்விக்குள்ளாக்கினர்: 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இதே அச்சத்தைப் பரப்பியவர்களில் ஒருவர் திஸ்ஸோ என்ற மருத்துவர். ஆகவே குற்றவாளி இனமல்ல, உடலைப் பற்றி ஊரில் புழங்கும் விளக்கம். வெள்ளைப்படுதலே தம் சோர்வுக்குக் காரணம் எனப் பெண்கள் சொல்வதையும் இத்தோடு சேர்த்தே பார்க்கவேண்டும். ஆய்வுகள் அவர்களைப் பெரும்பாலும் மறந்துவிட்டன.

இந்த முறைப்பாட்டை அறியாமை என்று சிரித்து அனுப்பிவிடலாமே என்பாருண்டு. ஆனால் 1990இல் இலங்கையின் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் குடியேறிய ஆலங்குடா போன்ற இடங்களில், மனக்கவலையைச் சொல்லக் கூசும் ஒருவருக்கு ‘உடம்பு தளர்கிறது’ என்பதே சொல்லக்கூடிய முறைப்பாடு. அதற்குப் பின்னுள்ள மனச்சோர்வையும் பதற்றத்தையும் மருத்துவர் விசாரித்தறிய வேண்டும்.