ஆய்வுகூடத்துக் காற்று

பட்டிப்பொல புகையிரத நிலையம் கடல்மட்டத்திற்கு மேல் 6,226 அடி உயரத்தில் உள்ளது. இலங்கையில் இதனினும் உயர்ந்த நிலையம் இல்லை. நீராவி இஞ்சின் ஓடிய காலத்தில், சுரங்கவழி நெருங்கியதும் பிரயாணிகள் யன்னல்களை மூடிக்கொள்வர். புகை கண்ணுக்குத் தெரிந்தது, எச்சரிக்கையும் எளிதாயிற்று. தெரியாத நஞ்சுக்கு என் செய்வது?

1858ஆம் ஆண்டில் மியூனிக் நகரத்துப் பேராசிரியர் பெற்றன்கோபர், மனிதர் கூடியிருக்கும் அறைகளில் கரியமிலவாயுவை அளந்தார். ஆயிரத்தில் ஒரு பங்கிற்கு மேற்படின் அவ்வறைக் காற்று கெட்டதென்றார். அவ்வாயுவையே அவர் நஞ்செனக் கொள்ளவில்லை. காற்றோட்டக் குறைவின் அடையாளமாகவே கொண்டார்.

ஆய்வுகூடத்தின் கதை இதனினும் கொடிது. அல்பிரட் ஸ்டொக் என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தலைவலி, தலைச்சுற்றல், மறதி ஆகியவற்றால் வருந்தினார். மறதி ஓர் ஆராய்ச்சியாளனுக்கு எத்துணைப் பெரிய தண்டனை! காரணம் 1924இல்தான் புலப்பட்டது. வாயுக்களை ஆராய அவர் நாள்தோறும் கையாண்ட கருவிகளிலே பாதரசம் இருந்தது. சிந்திய துளிகள் ஆவியாகி, நிறமும் மணமுமின்றி அறைக்காற்றிற் கலந்தன. உடனுழைத்தோரும் நோயுற்றிருந்தனர். 1926இல் ஸ்டொக் இதனை வெளியிட்டுப் பிறரை எச்சரித்தார். காற்றிலுள்ள மிக நுண்ணிய பாதரசத்தையும் அளக்கும் முறைகளை வகுத்தார்.

மலைநாட்டுக் குளிரில் நாம் யன்னல்களைத் திறப்பது அரிது. நம் பிள்ளைகள் பயிலும் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் இன்று கரியமிலவாயுவைக் காட்டும் சிறு மின்கருவியை மேசைமீதே வைக்கலாம். ஆயினும் அது பாதரச ஆவியைக் காட்டாது; அதற்கு வேறு கருவி வேண்டும்.