பந்துருட்டு அரங்க இயந்திரங்களும் பந்துச் சேதப் பொறுப்பும்

பௌலிங் எனப்படும் பந்துருட்டு விளையாட்டில் ஆட்டக்காரர் கனமான பந்தைத் தடத்தில் உருட்டி, எதிர்முனையில் முக்கோண வடிவில் நிற்கும் பத்துக் கட்டைகளை வீழ்த்துகிறார். அவர் தாண்டக் கூடாத கோட்டிலிருந்து முதல் கட்டை வரை உள்ள தொலைவு 60 அடி. பந்தின் எடை 16 பவுண்டு, அதாவது சுமார் 7.26 கிலோ வரை இருக்கலாம். உருட்டிய பந்து தடத்தின் பின்னுள்ள குழியில் விழுகிறது. இயந்திரம் அதைத் தூக்கித் தடத்தின் அடியில் உள்ள பாதை வழியே ஆட்டக்காரரிடம் திருப்பி அனுப்புகிறது.

அந்தத் திரும்பும் வழியில் பந்து கீறப்பட்டோ பிளந்தோ வந்தால் இழப்பு யாரைச் சேர்ந்தது? அரங்கின் பொதுப் பந்தாக இருந்தால் கேள்வியே இல்லை. சொந்தப் பந்து கொண்டுவந்தவருக்கே இந்தச் சிக்கல் எழுகிறது. இவ்விளையாட்டு வேரூன்றிய அமெரிக்காவில் இதற்கான விடை, பந்துருட்டு அரங்குகளுக்கு மிகவும் முந்தைய ஆங்கிலேய வழக்குகளிலிருந்து வருகிறது.

சிறுவர்கள் வேலை செய்த காலம்

அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் 1895ஆம் ஆண்டு நியூயார்க்கில் தொடங்கப்பட்டு, விளையாட்டின் விதிகளை ஒழுங்குபடுத்தியது. அப்போது இயந்திரம் கிடையாது. தடத்தின் பின்னால் சிறுவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பந்து வந்து மோதியதும் குழிக்குள் குதித்து, பந்தைத் தூக்கிச் சரிவான தண்டவாளத்தில் வைத்து உருட்டிவிட்டு, விழுந்த கட்டைகளை மீண்டும் நிறுத்துவார்கள். குழந்தைத் தொழிலாளர் நிலையைப் படமெடுத்த லூயிஸ் ஹைன், 1910இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இரவு ஒரு மணிக்கும் இவ்வேலை செய்துகொண்டிருந்த சிறுவர்களைப் பதிவு செய்துள்ளார். பறந்து வரும் கட்டைகளால் அடிபடுவது அவர்களின் அன்றாடம்.

அக்காலத்தில் பந்துக்குச் சேதம் வந்தால், அதைக் கையாண்டவர் யார் என்பது கண்முன் தெரிந்தது. ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் பழைய விதி ஒன்று உண்டு: பணியாள் தன் வேலையின்போது செய்யும் தவறுக்கு முதலாளியும் பொறுப்பாளி. ஆகவே சிறுவன் பந்தைக் கவனமின்றிக் கீழே போட்டு உடைத்தால், கேள்வி அரங்க உரிமையாளரைச் சென்றடையும்.

இயந்திரம் வந்த விதம்

கட்டைகளைத் தானாக நிறுத்தும் இயந்திரத்தை 1930களில் உருவாக்கியவர் காட்ஃபிரீட் ஷ்மிட். அதன் உரிமையை ஏ.எம்.எஃப். நிறுவனம் பெற்றது. 1946இல் பஃபலோ நகரில் அது மக்கள் முன் இயக்கிக் காட்டப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் அரங்குகளில் பொருத்தப்பட்டது. அதே பத்தாண்டின் நடுவில் பிரன்ஸ்விக் நிறுவனமும் தன் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளிலேயே சிறுவர்களின் வேலை மறையத் தொடங்கியது.

இவ்வியந்திரங்களில் பந்து முதலில் தடித்த மெத்தையில் மோதி வேகம் குறைகிறது. பிறகு கட்டைகளிலிருந்து பிரிக்கப்பட்டு, ஒரு வாயில் வழியாக வெளியேறி, வார்ப்பட்டையின் உதவியால் திரும்பும் பாதைக்குச் செல்கிறது. தேய்ந்த மெத்தை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு திருகாணி, இடம் பெயர்ந்த தகடு, பந்து சிக்கிக்கொண்டிருக்கும்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் வார்ப்பட்டை ஆகியவற்றில் எது வேண்டுமானாலும் பந்தைக் காயப்படுத்தலாம். சிறுவன் இருந்த இடத்தில் இப்போது இயந்திரம் இருக்கிறது. "இயந்திரம் செய்ததற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்ற பதிலுக்கு இடம் உண்டானதும் இதனால்தான்.

பந்தின் மதிப்பு உயர்ந்தது

தொடக்கத்தில் பந்துகள் லிக்னம் வைட்டே என்னும் மிகக் கடினமான மரத்தால் செய்யப்பட்டன. 1905இல் எவர்ட்ரூ என்ற ரப்பர்ப் பந்து வந்தது. பின்னர் பாலியெஸ்டர்ப் பந்துகளும், 1980களில் யூரித்தேன் பந்துகளும், 1990களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின் பந்துகளும் வந்தன. ரியாக்டிவ் ரெசின் பந்தின் மேற்பரப்பு தடத்தை நன்கு பற்றிக்கொள்ளும். அதனால் பந்து கூர்மையாக வளைந்து செல்லும். ஆனால் மேற்பரப்பில் சிறு பள்ளம் விழுந்தாலும் ஆட்டம் பாதிக்கப்படும்.

மேலும் இன்றைய ஆட்டக்காரரின் பந்தில் அவருடைய விரல் அளவுக்கும் கைவிரிவுக்கும் ஏற்பத் துளையிடப்படுகிறது. பந்தின் விலை நூறு டாலரைத் தாண்டுவது சாதாரணம். துளையிட்டபின் அது பிறர் கைக்குப் பொருந்துவது அரிது. இதனால் அதன் உரிமையாளருக்கு மதிப்பு மிகுதி, சந்தையிலோ மதிப்பு மிகக் குறைவு.

இரண்டு பீப்பாய் வழக்குகள்

1703இல் லண்டனில் தீர்க்கப்பட்ட காக்ஸ் எதிர் பெர்னார்டு வழக்கு, பிறர் பொருளைக் கையில் வாங்கியவரின் கடமையைப் பற்றியது. காக்ஸ் என்பவரின் பிராந்திப் பீப்பாய்களை ஒரு கிடங்கிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றித்தர பெர்னார்டு ஒப்புக்கொண்டார். வேலையின்போது ஒரு பீப்பாய் உடைந்து பிராந்தி சிந்தியது. பெர்னார்டு கூலி பெறவில்லை. ஆயினும் பொருளைக் கையேற்றபின் கவனக்குறைவாக நடந்ததால் அவரே பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி ஜான் ஹோல்ட், பொருளை ஒப்படைக்கும் முறைகளை ஆறாக வகுத்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு கவனம் வேண்டும் என்று விளக்கினார். இந்தச் சட்ட மரபு இந்தியாவுக்கும் வந்தது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவு, ஒப்படைக்கப்பட்ட பொருளை, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைக் காப்பதுபோல் காக்க வேண்டும் என்கிறது.

பந்துருட்டில் கட்டணம் செலுத்தியவரின் பந்து, ஒவ்வொரு முறையும் சிறிது நேரம் அரங்கின் இயந்திரத்தின் பிடியில் இருக்கிறது. இதை ஒப்படைப்பு என்று ஆட்டக்காரர் வாதிடலாம். பந்தை யாரும் கையெழுத்திட்டு வாங்கவில்லை, அது விளையாட்டின் ஒரு பகுதிதான் என்று அரங்கம் மறுக்கலாம். எந்தப் பெயரிட்டாலும் நியாயமான கவனம் வேண்டும் என்ற கடமை அரங்கத்துக்கு இருக்கிறது.

அந்தக் கவனம் தவறியதை எப்படி நிரூபிப்பது? இயந்திரத்தின் உள்ளே நடந்ததை ஆட்டக்காரர் பார்ப்பதில்லை. இங்கே 1863ஆம் ஆண்டின் பர்ன் எதிர் போடில் வழக்கு உதவுகிறது. லிவர்பூலில் ஒரு மாவு வணிகரின் கிடங்கிலிருந்து பீப்பாய் ஒன்று விழுந்து, தெருவில் சென்ற பர்ன் காயமடைந்தார். அது எப்படி விழுந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை. பீப்பாய் தானாக விழுவதில்லை, அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவரே விளக்கம் தர வேண்டும் என்றது நீதிமன்றம். நிகழ்ச்சியே பேசுகிறது என்னும் பொருளில் இது ரெஸ் இப்சா லோகிட்டர் எனப்படுகிறது.

நல்ல நிலையில் உள்ளே போன பந்து ஆழமான கீறலுடன் திரும்பினால், அதுவும் அதே தடத்தில் பலருடைய பந்துகள் ஒரே மாதிரிக் கீறலுடன் திரும்பினால், நிகழ்ச்சி உரக்கவே பேசுகிறது. முதல் புகார் வந்த பிறகும் தடத்தை மூடாமல் ஆட அனுமதித்திருந்தால் அரங்கின் நிலை மேலும் பலவீனமாகும். மறுபுறம், விரல்துளைகளின் ஓரத்தில் தோன்றும் வெடிப்பு, வெப்பநிலை மாற்றத்தாலோ பழமையாலோ வந்திருக்கலாம். குறை தெரிந்தும் அதே தடத்தில் தொடர்ந்து ஆடியவர் தம் இழப்பில் ஒரு பங்கைத் தாமே ஏற்க நேரலாம்.

சுவரில் தொங்கும் அறிவிப்பு

"பந்துச் சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகை இருந்தால் எல்லாம் முடிந்துவிட்டதா? 1877இல் பார்க்கர் எதிர் தென்கிழக்கு ரயில்வே வழக்கில் இதே போன்ற கேள்வி எழுந்தது. பார்க்கர் ரயில் நிலையத்தில் ஒப்படைத்த பை தொலைந்தது. 10 பவுண்டுக்கு மேல் பொறுப்பில்லை என்று சீட்டின் பின்புறம் அச்சிடப்பட்டிருந்தது. அந்த நிபந்தனை தெரியும்படி போதிய அறிவிப்பு தரப்பட்டதா என்பதே அளவுகோல் என்று நீதிமன்றம் கூறியது. 1949இல் ஆலி எதிர் மார்ல்பரோ கோர்ட் வழக்கில், தங்கும் விடுதியின் அறைக்குள் இருந்த அறிவிப்பு செல்லாது எனப்பட்டது. வரவேற்பு மேசையில் ஒப்பந்தம் முடிந்த பிறகே விருந்தினர் அதைப் பார்க்க முடிந்தது என்பதே காரணம்.

அமெரிக்காவில் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. பொதுவாக நீதிமன்றங்கள் இத்தகைய வாசகங்களைக் குறுகிய பொருளில் படிக்கின்றன. கடுமையான அலட்சியத்துக்கு அவை கேடயமாவது அரிது.

எவ்வளவு, எங்கே?

பழைய பொருளுக்குப் புதிய பொருளின் விலை கிடைப்பதில்லை. சேதமடையும் முன் இருந்த சந்தை மதிப்பு அல்லது பழுதுபார்க்கும் செலவே வழக்கமான அளவு. சிறு பள்ளங்களைப் பிசினால் நிரப்பி மேற்பரப்பைத் தேய்த்துச் சமன் செய்ய முடியும். பயன்படுத்திய உடைகள் போல் சந்தை மதிப்பே இல்லாத பொருள்களுக்கு, உரிமையாளருக்கு அவற்றால் உள்ள மதிப்பை அமெரிக்க நீதிமன்றங்கள் கணக்கில் எடுப்பதுண்டு. ஒருவர் கைக்கே துளையிட்ட பந்துக்கும் இந்த வாதத்தை முன்வைக்க இடமுண்டு.

இவ்வளவு சிறிய தொகைக்கு வழக்கறிஞரை அமர்த்தினால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றாகிவிடும். இக்குறையைத் தீர்க்கவே 1913இல் கிளீவ்லாந்து நகரில் சிறுதொகை வழக்கு மன்றம் தொடங்கப்பட்டது. பிற மாநிலங்களும் இம்முறையைப் பின்பற்றின. அங்கே ஆட்டக்காரர் தாமே நின்று வாதாடலாம். சேதத்தைக் கண்டவுடன் மேலாளரிடம் காட்டியது, படம் எடுத்தது, தட எண்ணைக் குறித்துவைத்தது ஆகியவையே அவருடைய சாட்சிகள்.

முடிவாக, இயந்திரம் சரியாகப் பராமரிக்கப்பட்டு, இயல்பான தேய்மானம் மட்டும் நேர்ந்தால் இழப்பு ஆட்டக்காரருடையது. பராமரிப்பில் கவனம் தவறியிருந்தால் அது அரங்கத்தினுடையது. குழிக்குள் இருந்த சிறுவன் போய்விட்டான். அவனுக்காகப் பொறுப்பேற்ற முதலாளியின் இடம் அப்படியே இருக்கிறது.