கரிசலின் கோடை மாதங்கள்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் வட்டாரங்களில் ஆண்டின் கணக்கைத் தொடங்கி வைப்பது வடகிழக்குப் பருவமழை. புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. மழை பெய்த ஈரத்தைக் கரிசல் மண் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தை நம்பித்தான் கம்பும் சோளமும் உளுந்தும் விளைந்தாக வேண்டும். தை, மாசியில் தானிய அறுவடை முடிந்துவிடும். பருத்தியும் மிளகாயும் மட்டும் இன்னும் சில வாரங்கள் ஆள் கேட்கும். அதற்குப் பிறகு மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கோடை மழை விழுந்தால் ஓர் உழவு உண்டு. இல்லையென்றால் அடுத்த விதைப்பு வரை மானாவாரிக் காட்டில் பெரிய வேலை எதுவும் இருக்காது.

1899இல் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் தார்ஸ்டைன் வெப்லன் ஓய்வைப் பற்றி ஒரு புகழ்பெற்ற நூல் எழுதினார். உழைக்கத் தேவையில்லாத செல்வர்கள் தங்கள் தகுதியை ஊருக்குக் காட்டும் வழி அது என்பது அவர் கருத்து. கரிசல்காட்டுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. இங்கே ஓய்வைக் கொடுத்தது மழையின்மை. கையில் காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொழுது மட்டும் எல்லோருக்கும் இருந்தது.

அந்தப் பொழுதில்தான் கரிசலின் கலைகள் வளர்ந்தன. கோவில்பட்டி செண்பகவல்லி அம்மனுக்குப் பங்குனித் திருவிழா. அதைத் தொடர்ந்து ஊர் ஊராக அம்மன் கொடைகள். ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் பெருங்கூட்டம். கொடை என்றால் கூத்தோ நாடகமோ வில்லுப்பாட்டோ இருந்தே ஆக வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிக் கொடுத்த 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' நாடகங்களை விடிய விடியப் பார்த்துவிட்டு, வசனங்களைச் சொல்லிக்கொண்டே வீடு திரும்பியவர்கள் பல தலைமுறை. வில்லிசைக்குச் சாத்தூர் பிச்சைக்குட்டி பெரிய பெயர். ஜமீன் கோடங்கிபட்டியில் கம்பளத்து நாயக்கர்களின் தேவராட்டம்.

கட்டபொம்மன் கதையும் இப்படித்தான் பிழைத்தது. 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் ஆங்கிலேயர்கள் அவரைத் தூக்கிலிட்டார்கள். பின்னர் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையையும் தரைமட்டமாக்கினார்கள். கல்லும் மண்ணும் போன பிறகு அந்த வீரனைத் தூக்கிச் சுமந்தவை கதைப்பாடலும் கூத்தும்தான். கிழக்கிந்தியக் கும்பினியின் ஆவணங்கள் அவரைக் கலகக்காரர் என்று எழுதி வைத்தன. கூத்துக் கொட்டகை அவரை ராஜா என்றே கூப்பிட்டது. எழுத்தறியாத உழவர்களான சம்சாரிகளுக்குத் தங்கள் மண்ணின் வரலாறு கிடைத்த இடம் அது.

இந்தக் கலைகளையும் பிள்ளைகளின் விளையாட்டுக்களையும் ஆராய வேண்டிய பொருளாக முதலில் பார்த்தவர்கள் யார்? சங்கரன்கோவிலில் பிறந்த தேவநேயப் பாவாணர் 1954இல் 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' என்ற நூலை வெளியிட்டார். ஆண்பிள்ளைகள் ஆடுவது, பெண்பிள்ளைகள் ஆடுவது, இருபாலாரும் ஆடுவது என்று பகுத்து, அதற்குள் பகலாட்டு, இரவாட்டு என்றும் பிரித்தார். பிள்ளைகளின் ஆட்டத்துக்கு அவ்வளவு மதிப்புக் கொடுத்த தமிழறிஞர்கள் குறைவு.

அடுத்தவர் பேராசிரியர் நா. வானமாமலை (1917–1980). பேராசிரியர் என்று எல்லோரும் அழைத்தாலும் அவர் நடத்தியது பாளையங்கோட்டையில் ஒரு தனிப்பயிற்சிக் கல்லூரி. அவர் தொடங்கிய நெல்லை ஆய்வுக் குழுவில் ஆசிரியர்களும் மாணவர்களும் கட்டுரை வாசிப்பார்கள். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். தேறிய கட்டுரைகள் 'ஆராய்ச்சி' இதழில் அச்சேறும். பட்டம் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. விளாத்திகுளம் அருகே தங்கம்மாள்புரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த எஸ்.எஸ். போத்தையா நாட்டுப்பாடல்களைத் தேடித் தேடி எழுதிச் சேர்த்துக் கொடுத்தார். வானமாமலை தொகுத்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' நூலுக்குப் பின்னால் இப்படிப்பட்டவர்களின் உழைப்பு இருக்கிறது. அதே போத்தையா பிறகு கி. ராஜநாராயணனுக்கும் கதை சேகரிப்பில் துணை நின்றார்.

இடைசெவல் சம்சாரியான கி.ரா. பள்ளிப் படிப்பை முடிக்காதவர். கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி தொகுத்தார். திண்ணையிலும் களத்திலும் சொல்லப்பட்ட நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டினார். 1980களின் இறுதியில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்து, நாட்டுப்புறக் கதைகளைச் சேகரிக்கும் பொறுப்பைக் கொடுத்தது. மாணவர்கள் தங்கள் பாட்டிமாரிடம் கேட்ட கதைகளை எழுதிக் கொண்டுவந்தால் அதுவே ஆய்வு என்ற நிலை அப்போது வந்தது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியிலும் நாட்டார் வழக்காற்றியல் ஒரு துறையாக வேரூன்றியது.

ஆனால் அவர்கள் சேகரித்துக்கொண்டிருந்த காலத்திலேயே அந்த ஓய்வு கரைந்துகொண்டிருந்தது. 1920களில் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தொழில் சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் பரவியது. அதற்கு வறண்ட வானிலையும் வேண்டும், வேலையில்லாத கைகளும் வேண்டும். கரிசலில் இரண்டும் இருந்தன. குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் பெண்கள் போனார்கள், பிள்ளைகளும் போனார்கள். இருள் பிரியும் முன்பே கிராமங்களுக்கு வண்டி வந்து குழந்தைகளை ஏற்றிச் சென்ற கொடுமை நெடுங்காலம் நடந்தது. உச்ச நீதிமன்றம் 1996இல் குழந்தைத் தொழிலாளர் பற்றி அளித்த புகழ்பெற்ற தீர்ப்பு, சிவகாசித் தீப்பெட்டித் தொழிலை முன்வைத்து வந்த வழக்கில்தான். பாண்டி ஆட வேண்டிய வயதில் தீக்குச்சி எண்ணிய ஒரு தலைமுறையின் ஓய்வைப் பற்றி, கூலிக்கும் சட்டத்துக்கும் கிடைத்த அளவு எழுத்துக் கிடைக்கவில்லை. இது பெரிய குறை.

ஆண்பிள்ளைகளுக்கு இன்னொரு வாசல் இருந்தது: ஹாக்கி. தமிழ்நாட்டில் கோவில்பட்டியின் பெயரைச் சொன்னால் கடலைமிட்டாய்க்கு அடுத்து நினைவுக்கு வருவது ஹாக்கி மட்டைதான். மாலையானால் மைதானத்தில் மட்டையோடு நிற்கும் பழக்கம் தெருக்களில் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வந்தது. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டிக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்து அணிகள் வருகின்றன. இந்த ஊர்க்காரர் மாரீஸ்வரன் சக்திவேலும், இங்கே விடுதியில் தங்கிப் பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக ஆடினார்கள். அணி வெண்கலம் வென்றது.

ஆட்டத்துக்கு நினைவுக் கோப்பை இருக்கிறது. கி.ரா.வுக்குக் கோவில்பட்டியில் தமிழ்நாடு அரசு நினைவரங்கம் கட்டியிருக்கிறது. இந்த வட்டாரத்தின் ஓய்வைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதும் மாணவருக்கு இங்கே ஒரு நினைவுப் பரிசும் வேண்டும். எழுதப் பொருளுக்குப் பஞ்சமில்லை. கொடை நாடகத்துக்கு வரி போட்டவர்கள் யார், கொட்டகையில் உட்கார இடம் மறுக்கப்பட்டவர்கள் யார், பஞ்சாலை ஷிப்டு வந்த பிறகு இரவு நாடகம் என்ன ஆனது, தீப்பெட்டி ஆலையிலிருந்து திரும்பிய பெண்ணுக்குத் தனக்கென்று ஒரு நாழிகை கிடைத்ததா, ஹாக்கி மைதானத்துக்குப் பெண்பிள்ளைகள் எப்போது வந்தார்கள் என்று கேட்டுக்கொண்டே போகலாம். இவற்றுக்குப் பதில் சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

வானமாமலை பெயரிலோ போத்தையா பெயரிலோ பரிசை வைக்கலாம். தொகை சிறியதாக இருந்தாலும் போதும். தேறிய கட்டுரைகள் ஆண்டுதோறும் அச்சில் வர வேண்டும் என்பதே முக்கியம். கோவில்பட்டிக் கல்லூரிகளின் தமிழ்த் துறைகளும் வரலாற்றுத் துறைகளும் சேர்ந்து இதை வரும் கோடை விடுமுறைக்கே தொடங்க வேண்டும்.