கூடாரம் அடிப்பது யாருக்கு விளையாட்டு?

1971 ஒக்டோபர் 1ஆம் திகதி அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் வோல்ட் டிஸ்னி வேர்ல்ட் திறக்கப்பட்டது. சரியாக ஏழு கிழமை கழித்து, நவம்பர் 19ஆம் திகதி, அதே வளாகத்தில் பே லேக் என்ற ஏரியின் கரையில், பைன் மரங்களுக்கு நடுவே இன்னொரு இடத்தையும் திறந்தார்கள். குடும்பமாக வந்து கூடாரம் அடித்துத் தங்குவதற்கான திடல் அது. பெயர் ஃபோர்ட் வில்டர்னஸ். வனாந்தரக் கோட்டை எண்டு வைத்துக்கொள்ளலாம்.

மாயக் கோட்டையும் மொனோரெயிலும் கட்டுகிற அளவுக்குக் காசு கொட்டிய நிறுவனம், வந்த சனத்தைப் பிள்ளைகுட்டிகளோடு நிலத்தில் படுக்க ஏன் கூப்பிட்டது? பொழுதுபோக்குப் பக்கத்துச் செய்தியாக வாசித்துவிட்டுக் கடந்துபோகக்கூடிய விஷயம்தான். ஆனால் இந்தக் கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டு போனால் போர், நிறவெறி, மரத்தின் வேர், பஞ்சம் எண்டு கனக்க விஷயங்கள் குறுக்கே வருகின்றன. அதனால்தான் இதை எழுத வெளிக்கிட்டோம்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். 700 ஏக்கருக்கும் மேற்பட்ட காடு. அதற்குள் வளையம் வளையமாகப் பாதைகள், ஒவ்வொரு வளையத்திலும் கூடாரத்துக்கும் கரவன் வண்டிக்குமான இடங்கள். கூடார இடம் ஒன்றில் பத்துப் பேர் வரை தங்கலாம். தண்ணீர்க் குழாய் இருக்கும், கரண்ட் இருக்கும், இறைச்சி சுட ஒரு அடுப்பும் வாங்கு போட்ட மேசையும் இருக்கும். கொஞ்சத் தூரம் நடந்தால் சுடுதண்ணீர்க் குளியலறை, உடுப்புத் தோய்க்கிற இயந்திரம், ஐஸ் இயந்திரம். பின்னேரத்தில் நெருப்பு மூட்டி, சிப், டேல் என்ற இரண்டு கார்ட்டூன் அணில்களோடு பிள்ளைகள் பாட்டுப் பாடுவார்கள். தடியில் மார்ஷ்மெலோ குத்திச் சுடுவார்கள். பிறகு திறந்தவெளியில் படம். காலையில் படகு ஏறினால் மாயக் கோட்டை. வளாகத்துக்குள் தங்குவதற்கு இருக்கிற வழிகளில் மலிவானது இந்தக் கூடார இடம்தான். அதனாலேயே நாலைந்து பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு இது பிடித்துப்போனது.

இந்தக் 'காடு' எப்படி உருவானது என்பது தனிக் கதை. 1955இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலாண்டைத் திறந்தபோது வோல்ட் டிஸ்னியிடம் நிலம் போதவில்லை. சுற்றிவர மற்றவர்கள் மோட்டல்களைக் கட்டி அவருடைய கூட்டத்தில் உழைத்தார்கள். அந்தக் கடுப்பில்தான் புளோரிடாவில் வேறு வேறு கம்பனிப் பெயர்களில் இரகசியமாக 27,000 ஏக்கருக்கு மேல் வாங்கினார்கள். பெரும்பகுதி சதுப்பு நிலம். அதை வசப்படுத்தும் பொறுப்பு ஜோ பொட்டர் என்ற இராணுவப் பொறியியலாளரிடம் போனது. அவர் முன்னர் பனாமாக் கால்வாய் வலயத்தின் ஆளுநராக இருந்தவர்! கால்வாய்கள் வெட்டி நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்தினார்கள். பே லேக்கை வற்ற வைத்து அடிச் சேற்றை அள்ளினார்கள். அடியில் வெள்ளை மணல் கிடைத்தது, அதைக் கரையில் பரப்பிக் கடற்கரை மாதிரி ஆக்கினார்கள். ஆக, பிள்ளை கூடார வாசலில் நின்று பார்க்கிற இயற்கைக் காட்சியில் பாதி பொறியியலாளரின் மேசையில் வரையப்பட்டது.

முழுக்கவும் அடங்கியதா? இல்லை. 1976இல் இதே திடலுக்குள் ரிவர் கன்ட்ரி என்ற நீர்ப் பூங்காவைத் திறந்தார்கள். பழைய கிராமத்துக் குளத்தில் பிள்ளைகள் கயிற்றில் தொங்கிக் குதிக்கிற மாதிரியான அமைப்பு. ஏரித் தண்ணீரையே வடிகட்டிப் பாவித்தார்கள். 1980இல் அங்கே நீந்திய 11 வயதுச் சிறுவன் ஒருவன் சூடான நன்னீரில் வாழ்கிற அமீபா ஒன்று மூளையைத் தாக்கியதால் இறந்துபோனான். 2001க்குப் பிறகு அந்தப் பூங்கா திறக்கப்படவே இல்லை. 2016இல் இதே நீர்நிலையோடு இணைந்த அடுத்த ஏரியின் கரையில் இரண்டு வயதுக் குழந்தையை முதலை இழுத்துச் சென்றது. அதற்குப் பிறகுதான் கரைகளில் வேலியும் எச்சரிக்கைப் பலகையும் வந்தன.

அந்த வளையப் பாதைகளுக்கு வருவோம். எங்களுக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பாத்திரம் டிஸ்னி ஆளே இல்லை, எமிலியோ மைனெக்கே என்ற தாவரநோய் ஆய்வாளர். 1920களில் கார் வாங்கிய அமெரிக்கர்கள் கூட்டம் கூட்டமாகக் காடுகளுக்குப் போய் நினைத்த இடத்தில் வண்டியை விட்டுக் கூடாரம் அடித்தார்கள். மண் இறுகியது, வேர்கள் நசிந்தன. கலிபோர்னியாவின் ரெட்வூட் மரங்களுக்கு இதனால் என்ன நடக்கிறது என்று ஆராய்ந்த மைனெக்கே, 1932இல் ஒரு திட்டத்தை எழுதினார். பாதை ஒருவழியாக வளைந்து வரவேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் கார் நிறுத்த ஒரு சிறு கிளைவழி. அடுப்பும் மேசையும் அசையாதபடி ஒரே இடத்தில். கார் தாண்டாமல் பாறாங்கல் வேலி. இன்றைக்கு அமெரிக்காவில் எந்தக் கம்பிங் திடலுக்குப் போனாலும் இந்த வரைபடம்தான், டிஸ்னியிலும் அதே அடிப்படைதான். மரத்தைக் காப்பாற்ற வரைந்த ஒருவழிப் பாதையில் வண்டிகள் மெதுவாகத்தான் போகும். அதனால் பிள்ளைகள் சைக்கிள் ஓட அது நல்ல இடமாகிவிட்டது. அவர் அதை நினைத்திருப்பாரோ தெரியாது.

1933இலிருந்து ரூஸ்வெல்ட் அரசாங்கம் வேலையில்லாத இளைஞர்களைப் படையணி மாதிரிச் சேர்த்து, தேசியப் பூங்காக்களில் இத்தகைய திடல்களைக் கட்டுவித்தது. அதே ஆண்டுகளில்தான் பெரும் பொருளாதார வீழ்ச்சியில் வீடிழந்தவர்கள் நகர ஓரங்களில் பலகையாலும் துணியாலும் குடில் போட்டார்கள். முந்தைய ஜனாதிபதியைக் குத்திக்காட்டி அவற்றுக்கு ஹூவர்வில் எண்டு பெயர். புழுதிப் புயலும் வறட்சியும் துரத்திய விவசாயக் குடும்பங்கள் கலிபோர்னியாவுக்கு ஓடின. ஆர்வின் என்ற ஊரில் அரசாங்கம் அவர்களுக்கு வரிசை வரிசையாகக் கூடாரம் போட்டுக்கொடுத்தது. ஸ்டைன்பெக் 1939இல் எழுதிய நாவலுக்கு அந்த முகாம் ஒரு மூலம். ஒரே பத்தாண்டு, ஒரே மாநிலம், ஒரே கன்வஸ் துணி. ஒரு குடும்பம் அதற்குள் விடுமுறையைக் கழித்தது, மற்றது அதற்குள் பிள்ளை பெற்றது.

விடுமுறைக் கூடாரமும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. வேர்ஜினியாவின் ஷெனன்டோவா தேசியப் பூங்காவில் 1939இல் லூயிஸ் மவுன்டன் என்ற திடலைக் கறுப்பினத்தவருக்கெனத் தனியாகத் திறந்தார்கள். மற்ற இடங்களில் வெள்ளையர். பிரிவினை முழுதாக எடுபட 1950 ஆனது. பூங்காவுக்குப் போய்ச் சேரும் வழியில் எந்த ஊரில் சாப்பாடு தருவார்கள், எங்கே படுக்கலாம் என்று பார்க்கக் கறுப்பினக் குடும்பங்கள் 'கிரீன் புக்' என்ற கையேட்டைக் காரில் வைத்திருந்த காலம் அது. பிள்ளையை ஏற்றிக்கொண்டு காடு பார்க்கப் போவது என்ற எளிய ஆசைக்குக்கூட நிறம் பார்த்து வழிவிட்ட நாடு.

'ஃபோர்ட்' என்ற சொல் எங்கே இருந்து வந்தது? 1954, 55இல் டிஸ்னியின் டேவி குரொக்கற் தொடர் தொலைக்காட்சியில் வந்து, அமெரிக்கச் சிறுவர்கள் எல்லாம் வால் தொங்குகிற ரக்கூன் தோல் தொப்பியோடு திரிந்தார்கள். 1956இல் டிஸ்னிலாண்டின் ரொம் சோயர் தீவில் மரக்குற்றிகளால் ஒரு விளையாட்டுக் கோட்டை கட்டினார்கள். அதற்கும் ஃபோர்ட் வில்டர்னஸ் எண்டுதான் பெயர். அந்தத் தொடரின் முதல் பகுதியே செவ்விந்தியரோடு குரொக்கற் சண்டையிட்ட கதை. அதே குரொக்கற் 1830இல் பழங்குடியினரை வெளியேற்றும் சட்டத்துக்கு எதிராகக் காங்கிரஸில் வாக்களித்தவர் என்பது தொப்பி விற்றவர்களுக்குத் தேவைப்படவில்லை.

புளோரிடாவில் கோட்டைகள் விளையாட்டுப் பொருளாக இருக்கவில்லை. 1835 முதல் 1842 வரை நடந்த இரண்டாம் செமினோல் போரில் அமெரிக்க இராணுவம் அங்கே வரிசையாகக் கோட்டைகளைக் கட்டியது. 1838இல் கட்டிய கற்லின் கோட்டையின் அயலில்தான் இன்றைய ஒர்லாண்டோ நகரம் வளர்ந்தது. ஆயிரக்கணக்கான செமினோல் மக்கள் மேற்கே கொண்டுபோகப்பட்டார்கள், மிஞ்சியவர்கள் தெற்குச் சதுப்புக்குள் ஒதுங்கினார்கள். டிஸ்னி வாங்கியபோது அந்த நிலப்பரப்பு 'வெறுமையாக' இருந்தது என்று வாசிக்கிற இடத்தில் நாங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும்.

பிள்ளைகளைக் கூடாரத்துக்குக் கூட்டிப்போகும் பழக்கத்திலும் இராணுவ வாடை உண்டு. 1861இல், உள்நாட்டுப் போர் தொடங்கிய ஆண்டில், கனெரிக்கட்டில் பள்ளிக்கூடம் நடத்திய ஃபிரெட்ரிக் கன், போர்வீரர் மாதிரி நடந்துபோய்த் தங்க ஆசைப்பட்ட மாணவர்களைக் கடற்கரைக்குக் கூட்டிச்சென்று இரண்டு கிழமை கூடாரத்தில் வைத்திருந்தார். சிறுவர் கோடைமுகாம் வரலாற்றை அங்கேயிருந்துதான் தொடங்குவார்கள். 1907இல் பேடன் பவல், போவர் யுத்தத்தில் பேர் எடுத்த தளபதி, இருபது அளவான சிறுவர்களோடு பிரவுன்சீ தீவில் தங்கினார். ஐந்து வருடத்துக்குள், 1912இல், சாரணியம் மாத்தளைக்கு வந்துவிட்டது. எங்கட பள்ளிக்கூடங்களில் காக்கி உடுப்போடு கயிறு முடிச்சுப் போடப் பழகின எல்லாரும் அந்த வரிசையில் வந்தவர்கள்தான்.

பிறகு வியாபாரம் வேகமாக நடந்தது. 1962இல் சியாற்றில் உலகக் கண்காட்சிக்குப் போகிற குடும்பங்கள் வழியில் தங்க இடமில்லாமல் நிற்பதைக் கண்ட டேவ் ட்ரம், மொன்டானாவில் தன் ஆற்றங்கரை நிலத்தைத் திறந்து இரவுக்கு 1.75 டொலர் வாங்கினார். கே.ஓ.ஏ. என்ற பெரிய கம்பிங் நிறுவனம் அப்படித்தான் பிறந்தது. 1969இல் விஸ்கொன்சினில் யோகி பெயார் கார்ட்டூனின் பெயரில் ஜெலிஸ்டோன் பார்க் வந்தது. யெலோஸ்டோன் தேசியப் பூங்காவைக் கிண்டலடித்துக் கார்ட்டூன், அந்தக் கார்ட்டூனைப் பார்த்து ஒரு கம்பிங் திடல்! இரண்டு வருடம் கழித்து டிஸ்னி இதே வேலையைப் பெரிய அளவில் செய்தது. மோட்டல்காரரிடம் போகிற காசையும் கூடாரக்காரரின் காசையும் ஒரே வேலிக்குள் பிடித்துக்கொண்டது.

தமிழில் இதை எழுதும்போது ஒரு சிக்கல். 'கம்பிங்' என்பதற்கு அகராதி தருவது 'முகாமிடல்'. எங்கட ஊரில் முகாம் எண்டால் யாருக்கு விடுமுறை ஞாபகம் வரும்? ஒன்று ஆமி முகாம், இல்லாவிட்டால் அகதி முகாம். 2009இல் வவுனியா மெனிக் பாமிலும் மற்ற முகாம்களிலுமாக இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான சனம் முட்கம்பிக்குள் இருந்தது. ஐ.நா.வின் வெள்ளைக் கூடாரத்துக்குள் இரண்டு மூன்று குடும்பம், மழை பெய்தால் உள்ளுக்குள்ள வெள்ளம், தண்ணிக்கு வரிசை. எங்கட வயதுக்காரர் கனபேர் அங்கே ஐந்தாறு வயதுப் பிள்ளைகளாக இருந்தார்கள். மெனிக் பாம் 2012 செப்ரெம்பரில்தான் மூடப்பட்டது. அதனால் இந்தக் கட்டுரை முழுக்கப் பொழுதுபோக்குக்குக் 'கம்பிங்' என்றும், மற்றதற்கு முகாம் என்றும் எழுதியிருக்கிறோம். மொழித்தூய்மை பார்க்கிற நண்பர்கள் மன்னிக்கட்டும்.

இன்றைக்கு ஃபோர்ட் வில்டர்னஸில் ஒரு இரவு கூடாரம் அடிக்க 100 டொலருக்கு மேல் போவது சாதாரணம். வேலிக்கு வெளியே, கிஸிமி பக்கத்து நெடுஞ்சாலையில், வாடகை வீட்டுக்கு முற்பணம் கட்ட முடியாத குடும்பங்கள் கிழமைக் கணக்கில் காசு கட்டி மலிவு மோட்டல்களில் பிள்ளை வளர்க்கின்றன. ஷோன் பேக்கரின் 'த ஃபுளோரிடா புரொஜெக்ட்' (2017) அவர்களைப் பற்றிய படம். பார்க்காதவர்கள் பாருங்கள், குறிப்பாகப் பிள்ளைகளின் நடிப்புக்காக.

மோட்டல் காசும் கட்ட முடியாதவர்கள்? 2024 ஒக்டோபர் 1 முதல் புளோரிடாவில் நடைமுறைக்கு வந்த சட்டம், பொது இடத்தில் வழக்கமாக உறங்குவதையோ கூடாரமிடுவதையோ உள்ளூராட்சி அமைப்புகள் அனுமதிக்கக் கூடாது என்கிறது. ஒருவர் அங்கே தங்கியிருக்கிறார் என்பதற்குச் சான்றாகக் கூடாரம், படுக்கை, தலையணை, அடுக்கி வைத்த சொந்தப் பொருட்கள் ஆகியவற்றைப் பட்டியலிடுகிறது. கூடவே ஒரு விலக்கும் எழுதியிருக்கிறார்கள்: பொழுதுபோக்குக்காக, அதற்கென ஒதுக்கப்பட்ட நிலத்தில் அடிக்கப்படும் கூடாரம் இந்தச் சட்டத்தில் அடங்காது. டிஸ்னி வளாகம் விரிந்து கிடக்கிற ஒரேஞ்ச், ஒசியோலா மாவட்டங்களிலும் இதுதான் சட்டம்.